பதினோரு ஜீப்பும் ஒரு நிபந்தனையும்

பண்ணைக்காடு ஜீப் ஸ்டாண்டில் முறைக்காகச் சண்டை நடக்காத நாளே கிடையாது. பதினோரு வண்டிதான், சத்தம் மட்டும் இருபத்திரண்டு வாய்க்கு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுசித்ரா, முறைப்பட்டியல் போட ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா பொன்னுச்சாமியும் அங்கே ஜீப் ஓட்டுகிறவர்தான்.

அவள் எடுத்துக்கொண்டது விதிகளை வைத்து விடை தேடும் ஒரு கணினி மொழி. கறாரான பேர்வழி. என்னென்ன நிபந்தனைகள் வரும், ஒவ்வொன்றிலும் என்ன விவரம் இருக்கும் என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காதது அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. ‘முறை: ஓட்டுநர், கிழமை, நேரம்’ என்று அறிவித்தாள். ‘விடுப்பு: ஓட்டுநர், கிழமை’ என்று அறிவித்தாள். விடுப்பு நாளில் முறை கூடாது என்று விதி எழுதினாள். பிறகு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். அப்பாஸ் வெள்ளிக்கிழமை கேட்டார், கோகுல் செவ்வாய் கேட்டான். அப்பா மட்டும், “எனக்கென்ன தாயி, ஒண்ணுமில்ல” என்றார்.

பட்டியல் வந்தது. ஒரு விதிகூட மீறப்படவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வெள்ளனே சக்திவேல் வந்தான். அப்பாவுக்கு அடுத்த வண்டிக்காரன்.

“சுசி, புதங்கெழம ராத்திரி ஏழு மணி டிரிப்புல உங்கப்பாவப் போட்டிருக்கியே, தெரிஞ்சுதான் போட்டியா?”

“ஏண்ணே?”

“பொழுது சாஞ்சா அவருக்குக் கண்ணு மங்கும்மா. ரெண்டு வருசமா நாங்கதான மாத்தி ஓட்டிக்கிட்டு இருக்கோம்.”

ஒரே வீட்டில் சோறு தின்கிற மகளுக்குத் தெரியவில்லை. ஸ்டாண்டே தெரிந்து வைத்திருக்கிறது. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது, அழுகை பிறகு வந்தது.

“ஏம்ப்பா சொல்லல?” என்று அப்பாவிடம் போய்க் கேட்டாள்.

“சொன்னா வண்டிய விட்டு எறக்கிருவீங்கள்ல.”

அவள் மடிக்கணினியைத் திறந்து புதிதாக ஒன்றை அறிவித்தாள்: ‘இருட்டில் ஓட்டாதவர்: பெயர்.’ அவருக்கு மாலை ஆறுக்குமேல் முறை கூடாது என்று ஒரு விதியும் சேர்த்தாள். பெயரை மட்டும் எழுதாமல், கணினியை அப்பா பக்கம் திருப்பி வைத்தாள்.

“இதுல பேரு கட்டாயம் வேணும்ப்பா. பேரில்லாம எடுத்துக்காது.”

பொன்னுச்சாமி முகத்தைத் திரைமேல் இடிக்கிறமாதிரி குனிந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தார்.

“திங்கக்கெழம எனக்கு லீவு போடு தாயி” என்றார். “கண்ணாஸ்பத்திரிக்கு நீயும் கூட வா. தனியாப் போக பயமாக் கெடக்கு.”