ஓமானுக்குப் போன கட்டார் றியால்

நாணயம் மாற்றிக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றை ஒருவாறு செய்து முடித்துவிட்டு, பாலையூற்றிலேயே பெரிய கெட்டிக்காரன் நான்தான் என்று நேற்று மிதந்துகொண்டிருந்தேன்.

முதலில் பார்க்க வந்தவர் பக்கத்து வீட்டு யோகம் அக்கா. கணவருக்குக் கட்டாரில் வேலை. அவருடைய சம்பளத்தைப் போட்டதும் அக்காவின் முகம் மாறியது.

"இவ்வளவு உழைச்சுப்போட்டோ தம்பி, எனக்கு இந்தக் கொஞ்சத்தை அனுப்புறார்?"

"கொம்பியூட்டர் பொய் சொல்லாது அக்கா" என்றேன். தேவையா எனக்கு?

கணவரோடு போன கிழமை போட்ட சண்டையோடு செத்துக் கிடந்த அக்காவின் தொலைபேசி இன்று காலை உயிர்த்தது. அக்கா அவரோடு போட்ட சத்தம் எங்கள் குசினிவரை கேட்டது. எனக்குச் சந்தேகம் வந்து என் பக்கத்தின் கணக்கைத் திறந்து பார்த்தேன். கட்டார் றியாலுக்கு ஓமான் றியாலின் பெறுமதியைப் போட்டிருக்கிறேன். ஏறத்தாழப் பத்து மடங்கு!

ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டேனே என்று வியர்க்க வியர்க்க ஓடினேன். "அக்கா, பிழை என்னிலதான். கணக்கு மாறிப்போச்சு."

"அது பரவாயில்லைத் தம்பி. மோட்டார்சைக்கிள் வாங்க ஓவர்டைம் காசை ஒளிச்சு வச்சிருக்கிறன் எண்டு அந்தாள் பயத்தில தானாவே சொல்லிப்போட்டார். உங்கட கொம்பியூட்டர்ப் பெட்டி நல்ல பெட்டி!"

அக்காவின் கணவர் அடுத்த மாதம் லீவில் வருகிறாராம். அவர் திரும்பிப் போகும்வரை நான் ஒளிந்திருக்க, கிண்ணியாப் பக்கம் யாரிடமாவது வாடகைக்கு ஒரு அறை இருக்கிறதா?