பதினோரு நாள் முறை

பழனிக்குமாரைப் பற்றி ஆத்தூர் பக்கம் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் கத்தரிக்காய் போடுகிறவன் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குள் அவன் வேறு ஆள். திண்டுக்கல்லில் ஒருவர் விற்ற பழைய கேம் கன்சோலை வாங்கிவந்து டிவியில் மாட்டி, நான்கு வருடமாக ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை ஆடினான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் கண்ட்ரோலரைத் தொட்டால் பூக் கிள்ளுகிற மாதிரி அசையும். நாடு முழுக்க ஆடுகிறவர்களில் முதல் இருநூறு பேருக்குள் அவன் பெயர் இருந்தது.

அவன் அப்பா நல்லுசாமிக்கு இது பிடிபடவே இல்லை. "டிவியில சுட்டு எவன்டா செத்தான்?" என்பார். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டீம் போன் செய்து, "தைப்பூசம் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன் மேட்சுங்க, அதுவரைக்கும் ரேங்க் இறங்காம பாத்துக்கங்க" என்று சொன்ன அன்று, அவரே டீக்கடைக்குப் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

சிக்கல் தைப்பூசம்தான். பழனிக்குமார் வருடா வருடம் மாலை போட்டுப் பழனிக்கு நடப்பவன். பதினோரு நாள் விரதம்.

"மாலையோட எப்டி மாப்ள ஆளச் சுடுறது?" என்று என்னிடம் கேட்டான்.

"அது பொம்மைடா."

"பொம்மைன்னா என்ன? கழுத்துல முருகன்ல கிடக்காரு."

அந்த விளையாட்டிலோ ஒரு வாரம் ஆடாமல் விட்டால் ரேங்க் தானாகச் சரியும். அதனால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் செய்வதை அவனும் செய்தான். தன் முறையை இன்னொருவனுக்கு மாற்றிவிட்டான்.

எங்கள் கிணறுகள் பங்குக் கிணறுகள். நாலு குடும்பத்துக்கு ஒரு கிணறு, ஆளுக்கு இரண்டு நாள் தண்ணீர். தன் முறை வரும்போது ஊரில் இல்லாதவன் அதைப் பங்காளியிடம் விட்டுப்போவான். அவன் மோட்டாரைப் போட்டு இவன் வயலுக்குப் பாய்ச்சுவான். திரும்பி வரும்போது பயிர் வாடியிருந்தால் பாய்ச்சியவனுக்கு அது பெரிய மானக்கேடு. பழனிக்குமார் தன் அக்கவுண்டையும் பாஸ்வேர்டையும் சித்தப்பா மகன் பாண்டியராஜிடம் அப்படித்தான் விட்டுப்போனான்.

"ஏலே, பயிரு வாடாம பாத்துக்க."

"நீ நடந்து போயிட்டு வாண்ணே. அம்புட்டும் பச்சையா நிக்கும்."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

அவன் பழனியிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய காலையில் எனக்குப் போன் வந்தது. "மாப்ள, டிவியில சிவப்பா ஏதோ போட்ருக்கு. செத்த வந்து படி."

எங்கள் வீட்டில் முதன்முதல் டிகிரி வாங்கியவன் நான். பட்டா மனுவோ பேங்க் கடிதமோ, ஆங்கிலம் என்றால் ஊரே என்னிடம் வருவதில் எனக்குப் பெருமை உண்டு. அவன் கொடுத்த பஞ்சாமிர்தத்தை வாயில் போட்டுக்கொண்டே படித்தேன். முடித்ததும் மறுபடி முதல் வரிக்கே போனேன்.

"என்னடா?"

"அனுமதியில்லாத வெளிக்கருவி மாட்டி ஆடுனியாம். அக்கவுண்ட நிரந்தரமா முடக்கிட்டாங்க. இந்தக் கன்சோலயும்."

"கருவியா? நான் எதையும் சொருகலையே மாப்ள!"

டிவி மேசையைத் திருப்பினான். கன்சோலின் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கியது. துப்பாக்கி சுடும்போது திரையில் உதறும், அந்த உதறலை ஆடுகிறவன்தான் விரலால் அடக்க வேண்டும். இந்தப் பெட்டி கண்ட்ரோலருக்கும் கன்சோலுக்கும் நடுவில் உட்கார்ந்து அதைத் தானே அடக்கிவிடும். ஆள்தான் ஆடுகிறான் என்று கன்சோல் நம்பிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள்.

அந்நேரம் பாண்டியராஜ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"பாத்தியாண்ணே? எனக்கு உன்னய மாதிரி கை வரல, நாலே நாள்ல ரேங்க் சரிய ஆரம்பிச்சிருச்சு. அதான் ஆன்லைன்ல இத வாங்கி மாட்டுனேன். இப்ப நூத்தி நாப்பது!"

அவன் சிவப்புத் திரையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"கண்டுபிடிக்கவே முடியாதுன்னு போட்டிருந்துச்சுண்ணே... நீ வந்து பாக்கும்போது வாடியிருக்கக் கூடாதுன்னுதான்..."

பழனிக்குமார் பெட்டியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். கால் கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை. திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நல்லுசாமி உள்ளே வந்தார். "இதுக்கு மேல்மனு போட எடமில்லையா? அப்பு, நீதான் படிச்சிருக்கியே."

மேல்மனுவுக்கு இடமிருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். தப்புச் செய்யாதவன் உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்பினேன். மாலை போட்டது, நடைபயணம் போனது, அக்கவுண்டைத் தம்பி முறை உள்ளவனிடம் விட்டுப்போனது, பெட்டியை மாட்டியது அவன்தான் என்பது, எதையும் விடவில்லை. "என் பேரையே போடுண்ணே, மறைக்காத" என்று பாண்டியராஜ் பக்கத்தில் நின்று சொன்னான். அதையும் போட்டேன். அனுப்பும் முன் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. நாலே வரி. அக்கவுண்டை இன்னொருவருக்குக் கொடுத்ததை நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அதுவே தனி விதிமீறல், அதில் எது நடந்தாலும் உரிமையாளரே பொறுப்பு, இந்த முடிவு இறுதியானது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அக்கவுண்ட் தொடங்கியபோது அந்த நீளமான விதிகளுக்குக் கீழே 'சம்மதம்' என்று அமுக்கியது நான்தான். அவனுக்கு ஆங்கிலம் வராது என்று என்னைக் கூப்பிட்டிருந்தான். ஒரு வரிகூட நான் படிக்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க பேரு தடை லிஸ்டுல வந்துருச்சுங்க. புது அக்கவுண்ட்ல வந்தாலும் எடுக்க முடியாதுங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. அவன் ஆட வேண்டிய நேரம். அன்று கிணற்று முறையும் அவனுடையதாக இருந்தது. மண்வெட்டியோடு மடையில் நின்றான். மோட்டார் ரூம் வாசலில் பாண்டியராஜ் உள்ளே போகாமல் நின்றிருந்தான்.

"அண்ணே, மோட்டார நான் போடவா?"

பழனிக்குமார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தான். "போடு. வேற எதையும் தொடாத."

தண்ணீர் வர ஆரம்பித்தது. அவன் என் பக்கம் திரும்பாமல் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"நீ எழுதுன இங்கிலீஷ்ல தப்பு ஒண்ணும் இல்லைல மாப்ள?"

"இல்லடா."

"அதான பாத்தேன், அவனுகளுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு" என்றான்.