ஒற்றைக் காதோடு ஜொகூர் பாரு நாடகத்துக்கு

போன மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவி செல்லம்மாளும் லாயாங் லாயாங்கில் ரயிலேறி ஜொகூர் பாருவுக்குப் போய், ஒரு நாடகம் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பினோம். நாற்பது மைல் போய் நாடகம் பார்ப்பது பெரிய சாதனையில்லை. ஆனாலும் ரப்பர் தோட்டங்களிலிருந்து இப்படிப் போகிறவர்கள் டிக்கெட் விஷயத்திலும் இட விஷயத்திலும் ஏமாந்து திரும்புவதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். நானே ஒரு முறை ஏமாந்தவன். அதனால்தான் நேரம், செலவு எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபத்து நான்கு வருஷம் வாத்தியாராக இருந்தேன். அந்த வருஷங்களில் வந்த காய்ச்சலுக்குக் குடித்த கொயினா மருந்துக்குக் கணக்கில்லை. அதனாலோ காய்ச்சலாலோ, இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதும் சாயங்கால வெளிச்சம் போலக் குறைந்துகொண்டு வருகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் நல்ல மனிதர், மறைத்துப் பேசத் தெரியாது. “இன்னும் ஒரு வருஷம் ஓடும் ஐயா, அதுக்கு மேல நான் சொல்ல முடியாது” என்றார்.

எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் ஒரு கிராமபோன் இருக்கிறது. அதில் ஒரு தட்டு. காட்டில் ராணியைத் தொலைத்துவிட்ட ராஜா அவளைக் கூப்பிட்டுப் பாடுகிறார். ஒரு முறை கூப்பிட்டு நிறுத்துகிறார், பதில் இல்லை. இன்னும் உயரத்தில் கூப்பிடுகிறார், பதில் இல்லை. மூன்றாவது முறை கூப்பிடும்போது தட்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன என்று நாடகத்தை மேடையில் பார்த்தவர்களைக் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. “போய்ப் பாருங்க வாத்தியாரையா” என்று சிரித்ததோடு சரி. காது மூடுவதற்குள் அந்த மூன்றாவது கூப்பிடலுக்கு வரும் பதிலைக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முந்திய வருஷம் அந்த நாடகத்தைப் போடும் கம்பெனி வந்தபோது ஐப்பசியில் போனோம். அதுதான் நான் ஏமாந்த முறை. கொட்டகைக்குத் தகரக் கூரை. ராஜா காட்டுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கூரைமேல் மழை விழ, மேடையில் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. நல்ல காது இருந்தவர்களுக்கும் அன்றைக்கு என் கதிதான். மூன்றாவது கூப்பிடலுக்கு முன்பே ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆகையால் முதல் பாடம்: நம் ஊரில் ஐப்பசி முதல் மார்கழி வரை தகரக் கொட்டகைக்கு டிக்கெட் வாங்காதீர்கள். மாசியில் மழை குறைவு. கம்பெனிக்காரர்கள் சிங்கப்பூரில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு, பாலத்தின் வழியாக லாரியில் சாமான்களை ஏற்றி இந்தப் பக்கம் வருவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

காலை ஐந்தே முக்காலுக்குத் தோட்டத்திலிருந்து புறப்பட்டோம். ஸ்டேஷன் மூன்று மைல். மாட்டுவண்டிக்கு முப்பது காசு. ரயில் ஏழு நாற்பதுக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. செடெனாக், கூலாய், செனாய் என்று நின்று நின்று, பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு ஜொகூர் பாரு. கொட்டகை, ஸ்டேஷனிலிருந்து அரை மைல் நடை. ரிக்‌ஷா வேண்டியதில்லை; ஆனால் திரும்பும்போது வேண்டியிருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

கொட்டகை வாசலில் டிக்கெட் கொடுப்பது இரண்டு மணிக்குத்தான். அதற்காகக் காத்திராதீர்கள். சந்தைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் முதல் நாளிலிருந்தே டிக்கெட் கிடைக்கும், அதே விலைதான். முன் நாற்காலி ஒன்றரை வெள்ளி, பின் நாற்காலி ஒரு வெள்ளி, பெஞ்சு அறுபது காசு, தரை இருபத்தைந்து காசு. நான் முன் நாற்காலி இரண்டு கேட்டேன். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நம்பர் எங்கே என்று கேட்டேன்.

காதர் பாய் என் முகத்தைப் பார்த்து, என் வலது பக்கமாக வந்து நின்றுகொண்டு சொன்னார்: “நம்பரெல்லாம் வெள்ளைக்காரன் கொட்டகையில வாத்தியாரே. இங்க டிக்கெட் வகுப்புக்கு மட்டும்தான். நாற்காலி யாருதுன்னா, முதல்ல உக்காந்தவங்களுது.”

இதை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு என்று பெயர் பதிந்தால் மூன்றாம் வகுப்புக்குள் நுழையலாம். முதல் பெஞ்சு கிடைப்பது எத்தனை மணிக்கு வருகிறோம் என்பதைப் பொறுத்தது. டிக்கெட்டும் அப்படித்தான். ஒன்றரை வெள்ளி கொடுத்துவிட்டு மூன்று மணிக்குப் போய், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு முன் வரிசை மட்டும் போதாது, பக்கமும் வேண்டும். என் இடது காது செத்தது, வலது காது உயிருள்ளது. ஆகையால் மேடை என் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்படியென்றால் மேடையைப் பார்த்து நிற்கும்போது கொட்டகையின் இடது ஓரத்தில் நான் உட்கார வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே பலகையில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஒன்றரை மணிக்கே வாசலில் நின்று, இரண்டு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், இடது ஓரம் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உடனே மார்பில் வில்லை குத்திய ஒருவர் ஓடி வந்தார். கொட்டகையைக் கவனிக்கும் மேனேஜர் அவர்தான். இடது பக்கம் முழுவதும் பெண்களுக்கு, வலது பக்கம் ஆண்களுக்கு, நடுவில் கயிறு. போன வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. மழை ஒன்றைத் தவிர அன்றைக்கு வேறெதுவும் என் நினைவில் நிற்கவில்லை. என் காதின் நிலைமையை அவரிடம் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

“உங்களைப் பாத்தா தெரியுது ஐயா, பெரிய மனுஷன். ஆனா இன்னைக்கு உங்களை விட்டேன்னா, நாளைக்கு ஊர்ல பாதிப் பேரு செவிடுன்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வருவான்.”

அதில் நியாயம் இருந்தது. எழுந்துகொண்டேன். நான் எழுந்த நாற்காலியில் செல்லம்மாள் போய் உட்கார்ந்தாள். நாற்பது மைல் தாண்டி நான் தேடி வந்த இடம் அவளுக்குக் கிடைத்தது.

“என் கிட்ட மாத்துச் சேலை இருக்குங்க,” என்றாள். “கட்டிக்கிறீங்களா?”

பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்கள் சிரித்தார்கள். நான் கயிற்றைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனேன். முன் வரிசையில் வலது கோடி நாற்காலி இன்னும் காலியாக இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். மேடையில் ஆர்மோனியக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அடுத்த ஊரில் வாசிப்பது போல இருந்தது. இடம் மாற வழியில்லை. சரி, இருக்கிற இடத்தில் காதை மாற்றுவது எப்படி என்று யோசித்தேன்.

நாற்காலியை இடது பக்கம் பார்க்கத் திருப்பினால் வலது காது நேராக மேடைக்குப் போகும். கணக்கு சரிதான். ஆனால் அப்படி உட்கார்ந்தால் என் முகம் பெண்கள் பக்கம் இருக்கும். மூன்று மணி நேரம் பெண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற வாத்தியாரை யார் சும்மா விடுவார்கள்? மிச்சம் ஒரே வழி. நாற்காலியை முழுவதும் திருப்பி, மேடைக்கு முதுகு காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தேன். ஆர்மோனியம் அடுத்த ஊரிலிருந்து என் வலது தோளுக்கு வந்து சேர்ந்தது.

இதனால் யாருக்கும் மறைக்கவில்லை, கோடி நாற்காலி அல்லவா? ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. என் எதிரே இரண்டாம் வரிசையில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஆயர் ஈத்தாமிலிருந்து பானைச் சட்டி ஏற்றி வருகிறவர். அவர் முழங்காலும் என் முழங்காலும் இடிக்காத குறை.

“என்னா ஐயா, நாடகம் அந்தப் பக்கம்,” என்றார்.

காரணத்தையும், வாத்தியாராக இருந்தவன் என்பதையும் சொன்னேன். அவர் பின்னால் திரும்பி, நாலு வரிசைக்குக் கேட்கும்படி, “டேய், வாத்தியாருடா. எல்லாரும் நேரா உக்காருங்க, பேரு கூப்பிடப் போறாரு,” என்றார். யாரோ பின்னாலிருந்து “உள்ளேன் ஐயா” என்றார்கள். கொட்டகை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். எழுந்திருக்கவில்லை. மேனேஜர் வந்து பார்த்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன் என்று கையால் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

நோட்டீசில் மூன்று மணி என்று போட்டிருந்தார்கள். திரை தூக்கியது மூன்று நாற்பதுக்கு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நோட்டீசு நேரத்தோடு முக்கால் மணி சேர்த்துத்தான் திரும்பும் ரயிலைக் கணக்கிட வேண்டும். நடுவில் கால் மணி இடைவேளை. வெளியே போகிறவர்கள் கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி விடமாட்டார்கள். குடிதண்ணீர் கொண்டுபோவது நல்லது. ஐஸ் தண்ணீர்க்காரன் பாட்டின் நடுவில்தான் கூவுவான்.

நாடகத்தை நான் பார்க்கவில்லை. நாடகத்தைப் பார்த்தவர்களைப் பார்த்தேன். இருபத்து நான்கு வருஷம் நான் உட்கார்ந்திருந்த திசை அதுதான், பழகிய காட்சி. கோமாளி வரும்போது பாட்டுக்கு முன்பே டிரைவரின் வாய் விரிந்துவிடும். அதை வைத்து, அடுத்து வருவதைக் காதில் பிடிக்கத் தயாராகிவிடுவேன். ராஜா வரும்போது பெஞ்சுக்காரர்கள் முதுகு நிமிர்ந்தது. வில்லன் ராணியை ஏய்த்துக் காட்டுக்கு அனுப்பும்போது தரையில் இருந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். காது விட்ட இடத்தை முகங்கள் நிரப்பிக் கொடுத்தன. ஒரு வார்த்தை கூடத் தவறவில்லை என்று சொல்லமாட்டேன். கதை தவறவில்லை.

ஆனால் ஒரு தொல்லை. நம் ஜனங்களுக்கு ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும் பழக்கம் உண்டு. கோமாளிப் பாட்டுக்கு மூன்று ஒன்ஸ்மோர், ராணியின் பாட்டுக்கு இரண்டு. ஆறே கால் இருக்கும், அப்போதும் ராஜா அரண்மனையை விட்டு நகரவில்லை. எங்கள் ரயில் ஏழு ஐந்துக்கு. அதை விட்டால் மறுநாள் காலைதான். தங்குவதற்கு ஊரில் எங்களுக்கு யாரும் இல்லை. நான் பாட்டில் ஆழ்ந்து மணியைக் கவனிக்க மாட்டேன் என்று, என் கடிகாரத்தைச் செல்லம்மாளிடம்தான் கொடுத்திருந்தேன். ஆறரைக்கு அவள் எழுந்து நின்றால் நானும் எழுந்துவிட வேண்டும் என்று பேச்சு. கண்ணின் ஓரத்தில் அவள் பச்சைச் சேலை தெரிந்தது. அது எப்போது எழும் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆறு இருபத்தைந்து இருக்கும். ராஜா காட்டுக்குள் நுழைந்தார். ஜனங்களின் முகத்தைப் பார்த்தே அது எனக்குத் தெரிந்தது. கொட்டகையில் யாரும் அசையவில்லை. முதல் கூப்பிடல் வந்தது. தட்டில் கேட்ட குரல் இல்லை இது. தட்டில் அது ஒரு நூல். இங்கே என் வலது தோளில் அது கயிறாக விழுந்தது. நிறுத்தினார். டிரைவர் மூச்சு விடவில்லை. இரண்டாவது கூப்பிடல், ஐந்து கட்டைச் சுருதிக்கு மேலே. மறுபடி நிறுத்தினார். ஆறரை கட்டாயம் தாண்டியிருக்கும். பச்சைச் சேலை எழவில்லை.

மூன்றாவது முறை கூப்பிட்டார். தட்டு முடியும் இடம் வந்தது, குரல் முடியவில்லை. நீண்டு, மெலிந்து, நின்றது.

அப்போது கொட்டகையின் கடைசியில், தரை டிக்கெட்டுக்காரர்களுக்கும் பின்னால், வாசல் பக்கத்து இருட்டிலிருந்து ராணி பதில் பாடினாள். யாருக்கும் தெரியாமல் அவளை வெளியே சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. முன் நாற்காலி, பின் நாற்காலி, பெஞ்சு, தரை, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முதுகைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். செல்லம்மாளும் திரும்பினாள். நான் மட்டும் திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஜனங்களுக்கு நடுவே அவள் பாடிக்கொண்டே நடந்து வந்தாள், நேராக என் முகத்துக்கு எதிரே. கடைசி அடியை எனக்கு ஆறு முழம் தள்ளி நின்று பாடினாள். வலது காதில் முழுவதும் கேட்டது.

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். “அலமாக், வாத்தியாரே,” என்று வியந்தார். “நீங்கதான் சரியா உக்காந்திருக்கீங்க.”

ஆறு ஐம்பதுக்கு வெளியே வந்தோம். அரை மைலுக்கு ரிக்‌ஷா இருபது காசு. அவசரமென்று தெரிந்தால் முப்பது கேட்பார்கள், பேசாமல் கொடுத்துவிடுங்கள். ரயில் நகரும்போதுதான் ஏறினோம்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட் வாங்குவதற்கு முன், என்ன விலை என்று கேட்பதற்கும் முன், எதற்காகப் போகிறோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கா, காதுக்கா, நாலு பேரோடு சிரிப்பதற்கா? அது தெரிந்தால், இருபத்தைந்து காசுத் தரையா ஒன்றரை வெள்ளி நாற்காலியா என்பது தானே தெரிந்துவிடும். அந்த ராணியைப் பக்கத்தில் முதலில் பார்த்தவர்கள் தரை டிக்கெட்டுக்காரர்கள்தான். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள்.

ரயிலில் செல்லம்மாள் ஜன்னலோரமாக என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆறரைக்கு ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டேன். அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, சக்கரச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் விழவில்லை. எழுந்து, அவளை ஜன்னலை விட்டு நகர்த்தி, நான் அங்கே உட்கார்ந்துகொண்டேன். இப்போது அவள் என் வலது பக்கம். மறுபடி சொல்லச் சொன்னேன்.

“நீங்க இன்னும் கேட்டு முடிக்கலையே,” என்றாள்.

இரண்டு பேராகப் பயணம் போகிறவர்கள் ரயிலில் உட்காரும் இடத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி டிக்கெட் கிடையாது.