வாலில் எழுதிய நாடு

தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த காலத்தில் நான் அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு நீலகிரியில் இருக்கும் அரவேணுவுக்குத் திரும்பினேன். இருந்த தோட்டத்தில் பாதியை விற்றுத்தான் அப்பா என்னை அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டுக்கு ஊரில் 'பைலட் ஊடு' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்த வீட்டுப் பைலட்டோ மீதித் தோட்டத்து இலை மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். அமெரிக்க லைசென்ஸ் இந்திய விமானத்துக்குச் செல்லாது, இங்கே தனியாகப் பரீட்சை எழுதித் தேறவேண்டும். அப்பா இதைப் புரிந்துகொண்டார். ஊர் புரிந்துகொள்ளவில்லை. பையன் அங்கே ஏதோ விமானத்தை இடித்துவிட்டு ஓடிவந்திருக்கிறான் என்று டீக்கடையில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

எங்கள் இலையை வாங்கிய ஃபேக்டரி முதலாளி குன்னூரில் இருந்தார். விலை சரிந்ததும் அவருக்குச் சிக்கனத்தில் திடீர் பக்தி பிறந்தது. தொழிலாளர்களுக்குச் சம்பளமில்லா லீவு கொடுத்தார். அதுவும் போதாமல், வேலை நேரத்தில் கொடுத்துவந்த தேநீரை நிறுத்தினார். நாள் முழுக்கத் தூளில் நின்று இருமுகிறவர்கள் குடிக்க வெந்நீர் மட்டும் கிடைத்தது. இதைத் தியாகம் என்றே அவர் எல்லாரிடமும் சொன்னார்.

அந்தத் தியாகிதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மலேசியாவில் இருந்த அவருடைய மைத்துனர் ஒரு சின்ன விமானம் வாங்கியிருந்தாராம். ஆஸ்திரேலியாவில் பதிவான விமானம். அதில் முதலாளிக்கும் ஒரு பங்கு. நான் அவரை உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டவேண்டும். என் டிக்கெட் செலவு அவருடையது.

அது நடக்காது என்று பொறுமையாகச் சொன்னேன். எந்த நாட்டு வானத்தில் பறக்கிறோம் என்பதைவிட, விமானத்தின் வாலில் எந்த நாட்டுப் பதிவெழுத்து இருக்கிறது என்பது முக்கியம். அந்த நாடு லைசென்ஸ் கொடுத்திருக்கவேண்டும், இல்லையென்றால் என்னுடையதை ஏற்றுக்கொண்டு சான்று தந்திருக்கவேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

"ஊட்டியில எடுத்த லைசென்ஸ வெச்சு நாம பாலக்காட்டுக்குக் கார் ஓட்டலையா தம்பி?" என்றார் முதலாளி. "அமெரிக்காவும் வெள்ளக்காரன் ஊரு, ஆஸ்திரேலியாவும் வெள்ளக்காரன் ஊரு. அவனுக்குள்ள என்ன பேதம்?"

பதில் சொல்லி என்ன பயன்? விமான வாடையாவது கிடைக்குமே என்று கிளம்பிவிட்டேன்.

மலேசியாவில், மைத்துனர் எங்களை அழைத்துப்போன ஈப்போ விமான நிலையத்தில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு எதிரே அந்த விமானம் நின்றது. முதலாளி கறுப்புக் கண்ணாடியும் தோல் சட்டையும் போட்டு, அந்த வெக்கையில் ஆவி பறக்க நின்றார். பறக்கும் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் ஒரு தமிழர். தம் அறையில் உட்கார்ந்து என் லைசென்ஸைப் பார்த்தார், ஜன்னல் வழியே விமானத்தின் வாலைப் பார்த்தார், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இதுக்கு அது செல்லாது தம்பி. உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

தெரியும் என்றேன். முதலாளி தம் மைத்துனரின் செல்வாக்கைப் பற்றிப் பேசினார், பிறகு அன்பளிப்பைப் பற்றிப் பேசினார். பயிற்சியாளர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

பக்கத்திலேயே அமெரிக்கப் பதிவுள்ள இரண்டு இருக்கை விமானம் ஒன்று நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர், நாடு நாடாகப் பறந்துகொண்டிருந்த ஒரு கிழவர், வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் லைசென்ஸை வாங்கிப் பார்த்தவர், தம் விமானத்துக்கு இது தாராளமாகச் செல்லும் என்றார்; பக்கத்தில் தாம் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லி, ஓட்டுகிறாயா என்று கேட்டார். பயிற்சியாளரும் தலையசைத்தார்.

நான் பறந்தேன். ஊர் திரும்பியபின் முதன்முறையாக. மலேசிய வானம், அமெரிக்க விமானம், அரவேணுப் பைலட். சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. கை தானாகவே எல்லாவற்றையும் செய்தது. குன்றுகளைத் தாண்டித் திரும்பும்போது கண் கலங்கியதைக் கிழவர் பார்க்காத மாதிரி இருந்தார். கீழே தோல் சட்டை ஒரு புள்ளியாக நின்றது.

இறங்கி வந்தபோது முதலாளி தம் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, மைத்துனரைவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் பெரிதாகி ஃபேக்டரி ஆபீஸ் சுவரில் ஏறியது. நான் பயந்து பின்வாங்கியதாகவும், தாமே ஓட்டவேண்டியதாகிவிட்டதாகவும் குன்னூர் முழுக்கச் சொன்னார். அப்பா அதைக் கேட்டுவிட்டு, எங்கள் இலையை வேறு ஃபேக்டரிக்குக் கொடுக்கச் சொன்னார்.

நான் பரீட்சைகளை எழுதினேன். ஒன்றில் இருமுறை தோற்றேன். கடைசியில் இந்திய லைசென்ஸ் கிடைத்து, ஒரு சரக்கு விமானத்தில் துணை விமானியாக வேலையும் கிடைத்தது. ஊரில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பொன்னாடையோடு முதலில் மேடையேறியவர் முதலாளிதான்.

"ஊருக்குத் திரும்புன இந்தத் தம்பிய மொதல்ல பறக்க வெச்சதே நானுங்க" என்று மைக்கில் சொன்னார்.

கூட்டம் கைதட்டியது. யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யும் இல்லை; ஈப்போவுக்கு டிக்கெட் எடுத்தவர் அவர்தானே. குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டேன்.