தோருன் பயணத்துக்குப் பொன்னழகு சொன்ன பதில்

மகள் தீபா ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தாள். வியாழன் ஆகியும் என் வீட்டுக்காரி பொன்னழகு வாயைத் திறக்கவில்லை. போலந்து நாட்டுக்கு வருகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். மகள் அங்கே ஆபீசில் லீவு சொல்ல வேண்டும், ரூமை உறுதி செய்ய வேண்டும், விசாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இவளோ கேட்கும்போதெல்லாம் "பாப்போம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள்.

எனக்கு இது புதிது. ஒரு பயணத்துக்கு ஆள் சேராமல் நான் நின்றது கிடையாது. திண்டுக்கல்லில் சுற்றுலா வேன் என்றால் வேலுசாமி வேன்தான். நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, பஸ் ஸ்டாண்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். எரியோட்டில் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, அடுத்தவர் வேனில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, ஓட்டப் பழகி, கடைசியில் அதே வேனை நானே வாங்கினேன். இன்றைக்கு மூன்று வேன் என் பெயரில் ஓடுகிறது. செம்பட்டியிலிருந்து வேடசந்தூர் வரைக்கும், ராமேஸ்வரத்தை என் வேனில் போய்ப் பார்த்த குடும்பங்களை எண்ணி முடியாது. அப்பன் வந்தான், பிறகு மகன் வந்தான், இப்போது பேரனும் கைக்குழந்தையோடு வருகிறான்.

எல்லோரும் ஏன் என்னிடம் வந்தார்கள்? சாப்பாடு. மற்ற வேன்காரர்கள் ஓட்டல் வாசலில் ஜனங்களை இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நான் அடுப்பையும் அண்டாவையும் வேனின் மேல் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். விடியும் முன் பொங்கல், மத்தியானம் சோறு, சாம்பார், ஒரு வெஞ்சனம், ராத்திரிக்குப் புளிச்சோறு. என் வேனில் ஏறியவன் பசியோடு இறங்கியதாக ஒரு சொல் இன்றுவரை கிடையாது.

அந்தச் சோற்றை ஆக்கியவள் பொன்னழகு. கல்யாணமாகி வந்தபோது நாலு பேருக்கு உலை வைக்கவே தடுமாறியவள், இரண்டே வருஷத்தில் ஒரு வேன் ஜனத்துக்கு அசராமல் ஆக்கினாள். குட்டையான உருவம், குரல் மெள்ள வரும், நடை மட்டும் ஓட்டம். ஊர்களை அவளைப் போல அறிந்தவர்கள் குறைவு. திருச்செந்தூர் என்று சொன்னால், அங்கே தண்ணீர் உப்பு, பருப்பு லேசில் வேகாது என்பாள். பழனியில் வண்டிகள் நிற்கும் இடத்தில் எந்த மரத்துக்கு எத்தனை மணி வரைக்கும் நிழல் என்று சொல்வாள். ராமேஸ்வரத்தில் காற்றடிக்கும், அடுப்பைச் சுற்றித் தகரம் வைக்க வேண்டும். கன்னியாகுமரியில் குரங்குத் தொல்லை இல்லை, காக்காய்த் தொல்லை உண்டு. இப்படி ஊருக்கு ஊர் அவளிடம் ஒரு செய்தி இருக்கும். இவள் பார்க்காத கோயில் இல்லை என்று நான் நாலு பேரிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

போன ஆடியில் ராமேஸ்வரத்தில்தான் அது நடந்தது. ஜனமெல்லாம் கடலில் குளித்துவிட்டுக் கோயிலுக்குள் போயிருந்தது. பொன்னழகு அடுப்புக்குப் பக்கத்தில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மயக்கம்கூட இல்லை. கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் "ம்" என்றாள், எழ மட்டும் முடியவில்லை. டிரைவர் ஜெகபர் அலிதான் கைத்தாங்கலாகத் தூக்கி வேனில் படுக்க வைத்தான்.

திண்டுக்கல் வந்து டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். "நோய்னு ஒண்ணும் இல்லைங்க, உடம்பு ஓஞ்சு போயிருக்கு. ரெஸ்ட் குடுங்க" என்றார். வீட்டில் ரெஸ்ட் கிடைக்குமா? வாசலில் வேன் நிற்கிறது. டிரைவர்கள் டீக்கு வருவார்கள், புக்கிங்குக்கு ஆள் வரும், வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அடுத்த வாரமே அவள் பழையபடி அடுப்படியில்தான் இருந்தாள். பயணத்துக்கு மட்டும் வேறு ஆள் போட்டேன். ஆனால் சாயங்காலம் ஆனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். டிவி ஓடும், பார்க்க மாட்டாள். ஏதாவது கேட்டால் பதில் வருவதற்குள் நமக்கே அசதியாகிவிடும்.

தீபா எங்களுக்கு ஒரே மகள். புருஷன் பழனிக்குமாரும் அவளும் போலந்தின் தலைநகரம் வார்சாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். ஐந்தாம் வகுப்புத் தாண்டாதவன் மகளை அந்த அளவுக்குப் படிக்க வைத்தேன் என்றால் அதற்கும் இந்த வேன்தான் காரணம். அம்மா கதையைக் கேட்டு அழுதவள், மே மாதம் எங்களை அங்கே வரச் சொன்னாள்.

"தோருன்னு ஒரு சின்ன ஊருப்பா. ரயில்ல மூணு மணி நேரத்துக்குள்ள போயிறலாம். பழைய ஊரு, எல்லாம் செங்கல் கட்டடம், பக்கத்துலயே ஆறு. ஊருக்குள்ள நடந்தே சுத்தலாம், வண்டிச் சத்தம் இருக்காது. அம்மா மூணு நாளு சும்மா இருக்கட்டும்" என்றாள்.

வீடியோவில் ரூமையும் காட்டினாள். பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு, ஜன்னலைத் திறந்தால் ஆறு. பொன்னழகு போனைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததை நானே கண்டேன்.

"இதப் பாரும்மா, உனக்காகத் தேடிப் புடிச்சேன்" என்று தீபா அடுத்த படத்தைக் காட்டினாள். சின்னதாக ஒரு சமையலறை. கரண்ட் அடுப்பு, பாத்திரங்கள், பிரிட்ஜ் எல்லாம் பளபளவென்று இருந்தன. "உனக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காதுல்ல? அரிசி பருப்பு நான் கொண்டாந்துருவேன்."

"நல்லாருக்கு" என்றாள் பொன்னழகு. போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்துதான் இந்தப் "பாப்போம்".

நான் என்ன நினைத்தேன் என்றால், ஊர் சின்னதாக இருக்கிறது, பார்க்க ஒன்றும் இல்லை, அதனால் அவளுக்குப் பிடிக்கவில்லை. பயணத்தைத் திட்டம் போடுவதற்கு என்னைவிட ஆள் யார்? அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டேன்.

"ஏத்தா தீபா, ஒரு ஊருக்கு மூணு நாளா? மூணு நாளுல நான் கன்னியாகுமரியிலருந்து வேளாங்கண்ணி வரைக்கும் காட்டிருவேன். அங்க வேற என்ன இருக்கு, சொல்லு."

"அப்பா, இது டூர் இல்ல. ரெஸ்ட்டு."

"ரெஸ்ட்டுன்னா நாலு எடத்தப் பாத்துட்டு வந்து படுக்குறதுதான். கடல் இருக்கா?"

"வடக்க ரெண்டு மூணு மணி நேரம் போகணும்."

"அப்ப ரெண்டாம் நாளு கடல். கோட்டை?"

"தோருன்லயே இடிஞ்ச கோட்டை ஒண்ணு இருக்கு. சாஞ்சு நிக்கிற கோபுரம் இருக்கு. பூமிதான் சூரியனச் சுத்துதுன்னு சொன்ன கோப்பர்நிகஸ் பொறந்த ஊருப்பா அது. தேனும் இஞ்சியும் போட்டு ஒரு ரொட்டி செய்வாக, அதுக்கும் பேர்போன ஊரு."

"பாத்தியா, இம்புட்டு வச்சுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்ற. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா மத்தியானத்துக்குள்ள கோட்டை, கோபுரம், அந்த ஆளு வீடு மூணையும் முடிச்சிரலாம். ரூமுக்கு வந்து சாப்புட்டுட்டு செத்த நேரம் படுத்துட்டு, சாயங்காலம் ஆத்துக்குப் போவோம்."

"அஞ்சு மணிக்கு அங்க யாருப்பா கதவு தொறந்து வச்சிருக்கா?" என்று பெருமூச்சு விட்டாள். "அம்மா என்ன சொல்லுது?"

அம்மா பக்கத்தில்தான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை நான் கடைவீதிக்குப் போய் இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று, அப்பளக்கட்டு, பெருங்காயம் எல்லாம் வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன். ஆசை வரட்டும் என்றுதான். டீ குடிக்க வந்த ஜெகபர் அலி அதைப் பார்த்துவிட்டான். என்னோடு சேர்ந்து தலை நரைத்தவன், வீட்டில் எல்லா உரிமையும் உண்டு.

"என்ன மதினி, ஏரோப்ளேன் ஏறப் போறீகளாம்ல? எங்களையெல்லாம் மறந்துராதீக."

"அங்கயும் ஒரு அடுப்பு பாத்து வச்சிருக்காக தம்பி. தகரம் வைக்க வேண்டாமாம், கரண்டாம்" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் போன பிறகுதான் உறைத்தது.

ஞாயிறு மத்தியானம் தீபா கூப்பிட்டாள். பொன்னழகு அடுப்படியிலிருந்து வரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. போனை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இந்தா, வேணாம்னா வேணாம்னு சொல்லு. புள்ள அங்க லீவு சொல்லணும். அம்புட்டுத் தூரம் கூப்புடுறா, உனக்கு என்ன கொறை? உன்னை மாதிரி ஊர் பாத்த பொம்பள இந்த ஜில்லாவுல உண்டா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் என்னத்தப் பாத்தேன்?"

"என்னத்தப் பாத்தியா? ராமேஸ்வரம் எத்தன தடவ போயிருக்க?"

"கல்யாணமான வருசம் உள்ள போனேன். அதுக்கப்பறம் வாசலத் தாண்டல."

"யாரு உன்னைப் புடிச்சு வச்சா?"

"யாரும் புடிக்கல. பருப்பு வெந்துக்கிட்டு இருந்துச்சு."

தொழில் என்றால் அப்படித்தான். நானும் வேனுக்குக் காவலாக எத்தனையோ வாசலில் நின்றவன்தான். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் சுவரில் சாய்ந்து நின்ற விதத்தைப் பார்த்ததும் சொல் எழவில்லை. ராமேஸ்வரத்தில் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம்.

"காலையில நீங்களும் மருமகனும் கோட்டை பாக்கப் போவீக. தீபா கூட வரும். மத்தியானம் எல்லாரும் பசியோட வருவீக. அதுக்கு நான் எதுக்கு ஏரோப்ளேன் ஏறணும்? இங்கயே ஆக்கிப் போடுறேன், போயிட்டு வாங்க."

போனிலிருந்து தீபா குரல் கேட்டது. "அம்மா... நான் உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"தெரியும்டி. எனக்கு ஜன்னல் பிடிச்சிருந்துச்சு. அடுப்பு இல்லாத ரூமு கெடைக்குமா, பாரு."

"ஓட்டல் ரூமு நெறைய இருக்கும்மா. ஆனா சாப்பாட்டுக்கு?"

"ரொட்டி கெடைக்கும்ல? தயிரு கெடைக்கும்ல? வாழப்பழம்?"

"எல்லாம் கெடைக்கும்."

"மூணு நாளு ரொட்டியா!" என்றேன் நான். சோறு இல்லாமல் எனக்கு ஒரு வேளை ஓடாது, ஊருக்கே தெரியும்.

"அதான் சொல்றேன்" என்று என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. "நீங்க மருமகன் கூட வார்சாவுலயே இருந்துக்கங்க. அது பெரிய ஊரு, பாக்க நெறைய இருக்கும். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எல்லாத்தையும் பாருங்க. பழனிக்குமாரு நல்லாச் சோறு வடிப்பான். நானும் என் புள்ளயும் அந்தச் சின்ன ஊருல இருந்துட்டு வாரோம்."

என் திட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டு வண்டி கிளம்பியதே இல்லை. இன்றைக்கு என்னையே இறக்கிவிட்டார்கள். மனசு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தலைநகரத்தைத் தனியாகப் பார்த்து வரும் தெம்பு எனக்கு இன்னும் இருக்கிறது. பழனிக்குமார் வேண்டுமானால் களைத்துப் போகலாம்.

"சரி, அப்படியே பண்ணு" என்று மகளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நானும் பொன்னழகுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கால் கடுத்தது.

தீபா அரைமணி கழித்து மறுபடி கூப்பிட்டு வேறு ரூம் படத்தை அனுப்பினாள். முன்னதைவிடச் சின்னது. ஆறு தெரியவில்லை, ஒரு தெருவும் எதிர்வீட்டுச் செங்கல் சுவரும் தெரிந்தன. பொன்னழகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தை விரலால் பெரிசாக்கி மூலை மூலையாகப் பார்த்தாள். வாழ்நாளில் ஒரு புடவையைக்கூட அவள் அவ்வளவு நேரம் பார்த்து எடுத்ததில்லை.

"அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன?"

"பாத்ரூம்மா."

"மேசை மேல வெள்ளையா என்னமோ இருக்கே?"

"கெட்டில். தண்ணி சுட வைக்கிறது. டீ போட்டுக்கலாம்."

"அதை எடுத்துறச் சொல்லு."

"அய்யோ அம்மா, டீ நான் போட்டுத் தாரேன்!"

பொன்னழகு கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"அப்ப சரி. வாரேன்" என்றாள்.