அத்தானின் விரலுக்கு ஒரு ரெயின் கார்டு

போன மாதம் அம்பூரிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் தங்கராஜ் அத்தான் உட்கார்ந்திருந்தார். வலது கையில் பெரிய துணிக்கட்டு. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் — மழைத்தண்ணீர் வெட்டுக்காயத்தில் இறங்காமல் ரப்பர் மரத்துக்குச் சுற்றிக் கட்டுவோமே, ரெயின் கார்டு... அதேதான்!

அத்தான் ரப்பர் வெட்டுகிறவர். கத்தியைப் பிடித்துப் பிடித்து, மோதிர விரல் மடங்கினால் நிமிராது. இன்னொரு கையால் இழுத்தால் ‘டக்’கென்று நிமிரும். ‘ட்ரிகர் ஃபிங்கர்’ என்றார் நெய்யாற்றின்கரை டாக்டர். கையைக் கிழிக்கவில்லை, தையலும் இல்லை. மரத்துப்போக மருந்து போட்டு, ஊசி நுனியாலேயே உள்ளே இறுகியிருந்த உறையை விடுவித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அப்புறம் எதற்கு இந்தக் கட்டு?

“வெட்டுன மரத்துக்கே நாம ஓய்வு குடுக்கோம். கைக்கு வேண்டாமா மக்கா?”

“டாக்டர் என்ன சொன்னாரு அத்தான்?”

“கொஞ்ச நாளு கத்தியத் தொடாண்டாம்னாரு.”

அடுக்களையிலிருந்து அக்கா வந்தாள். “அது பாதியாக்கும். வெரல மடக்கி நீட்டிட்டே இருக்கணும்னும் சொன்னாரு. நான் சொன்னா கேக்கணுமே.”

கட்டைப் பிரித்தோம். விரல் விறைத்துப்போய்க் கிடந்தது. பாதிகூட மடங்கவில்லை. அத்தானின் முகம் வாடிவிட்டது. மழை விட்டதும் வெட்ட வராவிட்டால் மரங்களை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகத் தோட்டத்து முதலாளி சொல்லியிருந்தார்.

“இனி கத்தி பிடிக்க ஒக்குமா மக்கா?”

எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மறுநாளே டாக்டரிடம் ஓடினோம். விரலை அழுத்திப் பார்த்தார். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதாம். சும்மா வைத்திருந்ததால் வந்த பிடிப்பாம். வெந்நீரில் வைத்து அசைக்க வேண்டும், சின்னச் சின்ன வேலைகள் செய்ய வேண்டும் என்றார்.

யோசித்துப் பாருங்கள்... நாம் எல்லோருமே இப்படித்தானே? கத்தியை நம்புவோம், ஊசியை நம்ப மாட்டோம். பெரிய கட்டு இல்லையென்றால் பார்க்க வருகிறவர்கள்கூட வெறுங்கையோடுதான் வருவார்கள்.

அன்று சாயங்காலமே அக்கா ஒரு முறம் நிறையச் சின்ன உள்ளியை, அதாவது சின்ன வெங்காயத்தை, அத்தான் முன்னால் வைத்தாள். “சின்ன வேலதானே... உரியுங்க.” அதுவரை அடுக்களைப் பக்கமே போகாத மனிதர், கண்ணைத் துடைத்துத் துடைத்து உரித்தார். தினமும் உரித்தார். விரல் மெல்ல மெல்ல மடங்கியது.

மழை விட்டது. நேற்று அத்தான் போன் செய்தார்.

“இன்னைக்கு வெட்டப் போனேன் மக்கா. பாலு நல்லா உண்டு. வெரல் ஒரு தடவகூட பிடிக்கல்ல.”

அவருக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது:

“உள்ளி உரிக்காண்டாம்னு டாக்டரு இன்னும் சொல்லல்ல... வாங்க.”