நாலு சிலிண்டர் தூங்கினால் இவருக்குப் பொறுக்காது

பல் செட் செய்பவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து இடது கை தளர்ந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவரைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதை முதல் நாளே அவருக்கும் சொன்னேன்.

"தம்பி, கையைச் சும்மா வச்சிருந்தா அது வேலையையே மறந்துடும். அசைச்சுக்கிட்டே இருக்கணும்."

மனிதர் கண்ணை மூடி யோசித்தார். "அப்ப என் வண்டியில தூங்குற நாலும் இப்படித்தான் மறந்துபோகும், இல்லையாக்கா?"

நோய் மூளையை எங்கேயாவது தொட்டுவிட்டதோ என்று அவரிடம் பெயர், கிழமை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். சரியாகவே சொன்னார். அவர் மனைவிதான் விளக்கினாள்: "பயப்படாதீங்கக்கா. இது நோய்க்கு முன்னாடியே இருக்கு."

வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள், மேஜையில் மெழுகு, சின்னச் சின்ன ராவும் கருவிகள். ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்துகொடுத்தாரே தவிர, தன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிறவர் இல்லை. அப்படிப்பட்டவர் தலை நரைத்த பிறகு எட்டு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஊமை மனிதருக்கு வாயாடி வண்டி.

அந்த வண்டியில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஓர் ஏற்பாடு உண்டு. சமதளத்தில் சீராகப் போனால் நாலு சிலிண்டருக்குப் பெட்ரோல் போவது தானாக நின்றுவிடும். மீதி நாலு மட்டும் இழுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கண் சிமிட்டும் நேரத்தில் எட்டும் விழித்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் சின்னத் திரையில் 'எட்டு' மறைந்து 'நாலு' வரும், அவ்வளவுதான். இவ்வளவு பசியுள்ள வண்டியை வாங்கிவிட்டுச் சிக்கனம் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

தூங்குகிற நாலும் கெட்டுவிடும் என்று இவருக்குப் பயம். அதனால் திரையில் 'நாலு' வரவே விடமாட்டார். மிதித்து மிதித்து விடுவார். பக்கத்தில் உட்காரும் மனைவிக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். "பிஸ்டன் மேலயும் கீழயும் போய்க்கிட்டேதான் சார் இருக்கும், தீ மட்டும்தான் கிடையாது" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே. இப்போது நான் வேறு போய், சும்மா இருப்பது கெட்டுப்போகும் என்று சொல்லித் தொலைத்தேன்.

ஓட்டுநர் தேர்வு நடத்தும் பரிசோதகர் இவரை ஓட்டச் சொல்லிப் பார்த்து அனுமதி தந்தால்தான் இனி கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தராவிட்டால் வண்டி மனைவியின் தம்பிக்கு என்று வீட்டில் முடிவு. தம்பி அதற்குள் ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். பேட்டரி இறங்காமல் இருக்க அவ்வப்போது ஓட்டிவிட்டு வந்து, வேண்டுமென்றே கட்டிலருகே நிற்பான்.

"அத்தான், நாலுலயே போய் நாலுலயே வந்தேன். பெட்ரோல் முள் அசையவே இல்ல!"

அவன் வந்துபோன பிறகு இவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். பார்த்தால் எனக்கு ஏறியது.

ஆனால் பயிற்சி என்றால் மட்டும் இவருக்குக் கசக்கும். ஸ்பாஞ்சைப் பிழியச் சொன்னால் வலது கையால் பிழிவார். சட்டைப் பொத்தானைக்கூட ஒரு கையாலும் பல்லாலும் போட்டுக்கொள்வார்.

"வண்டி நாலைத் தூங்க வச்சா குத்தம்" என்றாள் மனைவி. "இவர் ஒரு கையையே தாலாட்டித் தூங்க வச்சிருக்கார், அதைக் கேக்க ஆளில்ல."

அன்றே அவரை நடத்திக்கொண்டுபோய், நிறுத்தியிருந்த காரில் உட்காரவைத்தேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடப்பக்கம் ஒரு சின்னக் கியர் பட்டை இருக்கிறது. அதை விரலால் இழுத்தால் கியர் இறங்கி எட்டும் எழுந்துவிடுமாம். "இழுங்க" என்றேன். விரல் வழுக்கியது. மறுநாளும் வழுக்கியது. ஆனால் ஸ்பாஞ்சுக்கு முகம் சுளித்தவர் இதற்குத் தானே செருப்பைத் தேட ஆரம்பித்தார். சில வாரங்களில் பட்டை 'டக்' என்றது. எஞ்சின் அணைந்திருந்ததால் சத்தத்தை வாயாலேயே போட்டுக்கொண்டார்.

சோதனை நாளில் பரிசோதகர் முன்சீட்டில்; நானும் தம்பியும் பின்சீட்டில். பரிசோதகர் ஒரு பெண். சிரிக்கிற ஜாதி இல்லை. நம்மாள் அழகாகத்தான் ஓட்டினார், ஒரே கையால். இடது கை மடியில் பூனைக்குட்டி போலக் கிடந்தது. எனக்குப் பதறியது. பேசக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். பரிசோதகர் உதட்டைப் பிதுக்கினார். தம்பி சாவதானமாக சீட் உறையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

நீளமான நேர்ச்சாலை வந்தது. திரையில் 'நாலு'. இவருடைய பிடரி விறைப்பதைப் பார்த்தேன். மடியிலிருந்து இடது கை எழுந்தது. பட்டையை இழுத்தது. வண்டி கத்திய கத்தலில் தம்பி "அய்யோ அக்கா!" என்று என் தோளைப் பிடித்தான்.

"ஓரமா நிறுத்துங்க" என்றார் பரிசோதகர். "அந்தக் கை வேலை செய்யுமா?"

"செய்யுமே."

"அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் மடியில வச்சிருந்தீங்க?"

"தேவைப்படலைங்க."

"அதை நீங்க முடிவு பண்ணக் கூடாது. திரும்பிப் போறப்ப ரெண்டு கையும் ஸ்டீயரிங்கில இருக்கணும். பட்டையைத் தொடக் கூடாது. சும்மா சும்மா மிதிக்கவும் கூடாது. ஒரே சீரா வீடு போய்ச் சேருங்க. அதைப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

திரும்பி வந்தோம். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். திரையில் 'நாலு' வந்து உட்கார்ந்தது, நகரவே இல்லை. மனிதருக்குக் காதோரம் வியர்வை வழிந்தது. பல் நறநறப்பது பின்சீட்டுக்குக் கேட்டது. ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.

வாசலில் இறங்கியதும் "ஓட்டலாம். ரெண்டு கையாலதான்" என்றார் பரிசோதகர்.

தம்பியின் முகம் விழுந்தது. "நாலுல வர்றது சுகமாத்தான் இருந்திருக்கும், இல்ல அத்தான்?"

இவர் அவன் பையில் இருந்த இன்னொரு சாவிக்காக இடது கையை நீட்டினார். அவன் வைத்தான், சாவி கீழே விழுந்தது. மடக்கப் பழகிய அளவுக்கு அந்த விரல்கள் விரியப் பழகவில்லை. மறுநாள் அதற்கு வேறு பயிற்சி ஆரம்பித்தேன்.